24 சென்டிமீட்டர் இடைவெளி: ரயில் திட்டத்தின் தொழில்நுட்பத்தை முடிவு செய்வது யார்? அதற்குப் பதில் சொல்வது யார்?

புதுடெல்லி: இந்திய ரயில்வேயின் அகலப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள தூரம் 1,676 மில்லிமீட்டர். உலகின் பெரும்பாலான அதிவேக ரயில்கள் ஓடும் ஸ்டாண்டர்டு கேஜ் பாதையில் அந்தத் தூரம் 1,435 மில்லிமீட்டர். வித்தியாசம் சுமார் 24 சென்டிமீட்டர். இந்த 24 சென்டிமீட்டரைச் சுற்றி நடந்த வாக்குவாதம், 63,941 கோடி ரூபாய் மதிப்பிலான ஒரு மாநிலத் திட்டத்தைப் பல ஆண்டுகள் நகரவிடாமல் நிறுத்தி வைத்தது.

கேரளத்தின் 'சில்வர்லைன்' திட்டம்தான் அது. ஆதரித்தவர்கள் அதை மாநிலத்தின் எதிர்காலம் என்றனர். எதிர்த்தவர்கள் மாநிலத்தைக் கடனில் மூழ்கடிக்கும் திட்டம் என்றனர். எந்தப் பாதை, எந்த ரயில், எந்தக் கடன் என்பதை யார், எப்போது, யாரைக் கேட்டு முடிவு செய்தார்கள் என்ற அடிப்படைக் கேள்விக்கு இந்த இரைச்சலில் உரிய இடம் கிடைக்கவில்லை.

இந்தக் கேள்வி கேரளத்துக்கு மட்டும் உரியது அல்ல. மும்பையின் மோனோ ரயில், டெல்லி–மீரட் பிராந்திய ரயில், டெல்லியின் பிஆர்டி பேருந்துத் தடம் என நாட்டின் பல திட்டங்களில் இதே கேள்வி வெவ்வேறு வடிவங்களில் எழுந்துள்ளது. தொழில்நுட்பத் தேர்வு என்பது பொறியாளர்களின் வேலை என்று ஒதுக்கிவிடும் போக்கு நிலவுகிறது. ஆனால், அந்தத் தேர்வின் சுமையை அரை நூற்றாண்டுக்குச் சுமப்பவர்கள் வரி செலுத்துவோரும் பயணிகளும் நிலம் இழப்போரும்தான்.

சில்வர்லைன்: கணக்கும் கருத்து வேறுபாடும்

திருவனந்தபுரத்தையும் காசர்கோட்டையும் 529.45 கிலோமீட்டர் நீளமுள்ள புதிய இரட்டைப் பாதையால் இணைப்பது சில்வர்லைன் திட்டத்தின் நோக்கம். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில், 10 முதல் 12 மணி நேரம் வரை ஆகும் பயணத்தை ஏறக்குறைய 4 மணி நேரமாகக் குறைக்கலாம் எனக் கூறப்பட்டது. பாதை 11 மாவட்டங்கள் வழியாகச் செல்லும். நிலையங்களும் 11.

திட்டத்தைச் செயல்படுத்தும் பொறுப்பு கேரள ரயில் மேம்பாட்டுக் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 'கே-ரெயில்' என அழைக்கப்படும் இந்நிறுவனத்தில் மாநில அரசுக்கு 51 சதவீதப் பங்கும், ரயில்வே அமைச்சகத்துக்கு 49 சதவீதப் பங்கும் உண்டு. அதாவது, பின்னாளில் திட்டத்தின் மீது கேள்வி எழுப்பிய ரயில்வே, திட்டத்தை உருவாக்கிய நிறுவனத்தின் பங்குதாரரும்கூட. 2019 டிசம்பரில் இத்திட்டத்துக்குக் கொள்கை அளவிலான ஒப்புதலை அளித்ததும் ரயில்வேதான்.

ஸ்டாண்டர்டு கேஜ் பாதையைத் தேர்ந்தெடுத்ததற்குக் கே-ரெயில் முன்வைத்த வாதங்களில் நியாயம் இருக்கிறது. கேரளத்தில் தற்போதுள்ள ரயில் பாதை வளைவுகள் நிறைந்தது. விரைவு ரயில், பயணிகள் ரயில், சரக்கு ரயில் மூன்றும் அதே பாதையில்தான் ஓடுகின்றன. வேகமான ரயில் ஒன்றை அதில் இயக்கினால் மற்ற ரயில்கள் ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கும். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்துக்கு உகந்த ரயில் பெட்டிகளும் சிக்னல் கருவிகளும் ஸ்டாண்டர்டு கேஜுக்கே உலகச் சந்தையில் எளிதாகக் கிடைக்கின்றன. எனவே தனிப் பாதை, தனி இயக்கம் என்பதே சரி என்பது அந்நிறுவனத்தின் நிலைப்பாடு.

எதிர்த்தரப்பின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஸ்டாண்டர்டு கேஜ் பாதையில் நாட்டின் பிற பகுதிகளிலிருந்து வரும் எந்த ரயிலும் நுழைய முடியாது. சென்னையிலிருந்தோ பெங்களூருவிலிருந்தோ கேரளம் செல்லும் பயணிக்கு இப்பாதையால் நேரடிப் பயன் இல்லை. இறங்கி வேறு ரயில் ஏற வேண்டும். நெரிசலில் திணறும் பழைய பாதையின் ரயில்களை மாற்றிவிடவும் வழியில்லை. அவ்வளவு நிலத்தையும் பணத்தையும் செலவழித்து அமைக்கும் பாதை, தேசிய வலைப்பின்னலின் தீவாக நின்றுவிடும் என்பது அவர்களின் அச்சம்.

ஆரம்பக்கட்ட ஆய்வுப் பணியில் ஈடுபட்டிருந்த ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளர் அலோக் குமார் வர்மாவே திட்டத்தின் தயாரிப்பு முறையை வெளிப்படையாக விமர்சித்தார். 'மெட்ரோ மனிதர்' எனப் போற்றப்படும் இ.ஸ்ரீதரனும் திட்டத்தை எதிர்த்தார். பாதையின் பாதிக்கும் மேற்பட்ட தூரம் மண் கரைகளின் மீது அமைவதாகத் திட்டமிடப்பட்டிருந்தது. 2018-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தை மறக்காத மாநிலத்தில், அக்கரைகள் தண்ணீர் வடியும் வழியை மறிக்கும் என்ற எச்சரிக்கை மக்களிடம் எளிதாகச் சென்று சேர்ந்தது.

செலவுக் கணக்கிலும் இரண்டு எண்கள் மோதின. கே-ரெயில் 63,941 கோடி ரூபாய் என்றது. நிதி ஆயோக்கின் மதிப்பீடோ சுமார் 1.26 லட்சம் கோடி ரூபாய். ஒரே திட்டத்துக்கு இரண்டு அரசு அமைப்புகள் கூறும் தொகைகள் ஏறக்குறைய இரு மடங்கு வேறுபட்டன. அந்த வேறுபாடு ஏன் எழுந்தது என்பது, கல் நடும் பணிக்கு முன்பே சட்டப்பேரவையில் விவாதிக்கப்பட்டிருக்க வேண்டிய விஷயம்.

அறிக்கைக்கு முன்னே வந்த மஞ்சள் கற்கள்

விரிவான திட்ட அறிக்கைக்கு 2020 ஜூன் மாதத்தில் மாநில அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஆனால் அந்த அறிக்கை பொதுமக்களின் பார்வைக்கு வந்தது 2022 ஜனவரியில். இடைப்பட்ட ஒன்றரை ஆண்டு காலம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டவர்களுக்கும் அது மறுக்கப்பட்டது. எதிர்க்கட்சிச் சட்டப்பேரவை உறுப்பினர் ஒருவர் உரிமை மீறல் பிரச்சினை எழுப்பிய பிறகே அறிக்கை வெளியானது.

அதற்கு முன்பாகவே வீட்டு முற்றங்களிலும் வயல்களிலும் மஞ்சள் நிறக் கற்கள் நடப்பட்டுவிட்டன. சமூகத் தாக்க ஆய்வுக்கான அடையாளம் மட்டுமே அது, நிலம் கையகப்படுத்தும் நடவடிக்கை அல்ல என்று அரசு விளக்கியது. வீட்டு வாசலில் கல்லைப் பார்த்தவர்களுக்கு அந்த விளக்கம் ஆறுதல் தரவில்லை. தங்கள் நிலத்தை விற்கவோ, அடமானம் வைத்துக் கடன் பெறவோ முடியாமல் போகும் என்று அவர்கள் முறையிட்டனர்.

2022 மார்ச் மாதம் கோட்டயம் மாவட்டம் மாடப்பள்ளியில் கல் நடுவதைத் தடுத்த பெண்களைக் காவல்துறையினர் இழுத்துச் சென்ற காட்சிகள் மாநிலம் முழுவதும் பரவின. அதே மாதத்தில் ஆய்வுக்குத் தடை விதிக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. சட்டப்படி அரசுக்குச் சாதகமான தீர்ப்பு கிடைத்தது. அரசியல் ரீதியாகத் திட்டம் அதற்குள் தோற்கத் தொடங்கியிருந்தது. மே மாதத்தில் கல் நடுவதைக் கைவிட்டு, ஜியோ டேக்கிங் முறைக்கு அரசு மாறியது. நவம்பர் மாதத்தில் நிலம் கையகப்படுத்தும் பணிக்கு நியமிக்கப்பட்டிருந்த வருவாய்த் துறை ஊழியர்கள் வேறு பணிகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

மத்திய அரசின் நிலைப்பாடும் தெளிவாக இருக்கவில்லை. கொள்கை அளவில் ஒப்புதல் அளித்த ரயில்வே, 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அறிக்கையில் போதிய தொழில்நுட்ப விவரங்கள் இல்லை என நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. 2023 ஏப்ரல் 25-ஆம் தேதி திருவனந்தபுரம்–காசர்கோடு வந்தே பாரத் ரயிலைப் பிரதமர் நரேந்திர மோடி தொடங்கி வைத்தார். பழைய பாதையிலேயே ஓடும் அந்த ரயில், பயண நேரத்தைச் சுமார் 8 மணி நேரமாகக் குறைத்தது. 2024 நவம்பரில் ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், தொழில்நுட்ப மற்றும் சுற்றுச்சூழல் பிரச்சினைகள் தீர்க்கப்பட்டால் திட்டத்தைப் பரிசீலிக்கத் தயார் என்றார். அதைத் தொடர்ந்து, தற்போதுள்ள ரயில் பாதையுடன் இணையும் வகையில் அகலப் பாதையாகத் திட்டத்தை மாற்றியமைக்குமாறு ரயில்வே கோரியது. தனிப் பாதை என்ற அடிப்படையே போய்விடும் எனக் கே-ரெயில் அதை ஏற்கவில்லை.

கொள்கை ஒப்புதல் தரப்பட்ட 2019-இலேயே பாதையின் அகலம் பற்றிய கேள்வி தீர்க்கப்பட்டிருக்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் கழித்து, கற்கள் நடப்பட்டு, மக்கள் போராடி, தேர்தல்கள் நடந்து முடிந்த பிறகு அதே கேள்வி மீண்டும் முதல் பக்கத்துக்கு வந்தது. இந்தத் தாமதத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டால், 51 சதவீதப் பங்குதாரர் 49 சதவீதப் பங்குதாரரைக் காட்டுகிறார். அவர் இவரைக் காட்டுகிறார்.

டெல்லி மெட்ரோ தரும் பழைய பாடம்

பாதை அகலம் குறித்த மோதல் இந்தியாவுக்குப் புதிதல்ல. டெல்லி மெட்ரோ திட்டமிடப்பட்டபோதும் இதே விவாதம் நடந்தது. அப்போது டெல்லி மெட்ரோவின் தலைவராக இருந்த ஸ்ரீதரன் ஸ்டாண்டர்டு கேஜை விரும்பினார். ரயில்வேயோ அகலப் பாதையை வலியுறுத்தியது. ரயில்வேயின் கருத்தே வென்றது. 2002 டிசம்பரில் தொடங்கிய முதல் தடமும் அதைத் தொடர்ந்து வந்த தடங்களும் அகலப் பாதையில் அமைந்தன.

பின்னர் கொள்கை மாறியது. 2010-இல் திறக்கப்பட்ட முண்ட்கா தடத்தில் தொடங்கி, ஸ்டாண்டர்டு கேஜ் தடங்களும் டெல்லியில் வந்தன. இன்று ஒரே நகரின் மெட்ரோவில் இரண்டு அகலங்கள் உள்ளன. ஒரு வகைத் தடத்தின் ரயிலை இன்னொரு வகைத் தடத்தில் இயக்க முடியாது. அகலப் பாதையில் அமைந்த தடங்களிலும் இந்திய ரயில்வேயின் ரயில்கள் ஓடுவதில்லை. ரயில்வே வலைப்பின்னலுடன் ஒத்துப்போக வேண்டும் என்ற வாதத்தால் எடுக்கப்பட்ட முடிவு, அந்தப் பலனைத் தராமலேயே நிரந்தரமாகிவிட்டது.

டெல்லி மெட்ரோ வெற்றிகரமாக இயங்குகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால், ஒருமுறை பதித்த தண்டவாளத்தைப் பின்னாளில் திருத்த முடியாது என்பதற்கு அதுவே சாட்சி. ஆட்சிகள் மாறலாம், அமைச்சர்கள் மாறலாம். 1,676 மில்லிமீட்டர் 1,435 ஆக மாறாது.

மும்பை மோனோ ரயில்: ஒற்றை வழங்குநரின் பிடியில்

தொழில்நுட்பத் தேர்வின் விலை எவ்வளவு கடுமையாக இருக்கலாம் என்பதை மும்பை மோனோ ரயில் காட்டுகிறது. மலேசிய நிறுவனமான ஸ்கோமியும் எல் அண்டு டி நிறுவனமும் இணைந்த கூட்டமைப்புக்கு 2008-இல் ஒப்பந்தம் வழங்கப்பட்டது. வடாலா–செம்பூர் இடையே முதல் கட்டம் 2014 பிப்ரவரியில் தொடங்கியது. இரண்டாம் கட்டம் 2019 மார்ச் மாதத்தில் வந்தது. மொத்த நீளம் சுமார் 20 கிலோமீட்டர். பயணிகள் எண்ணிக்கை, திட்டமிட்டதில் ஒரு சிறு பங்கைத் தாண்டவே இல்லை.

சிக்கலின் வேர் தொழில்நுட்பத்தில் இருந்தது. ரயில் தண்டவாளத்துக்கு உலகெங்கும் பொதுவான தரநிலைகள் உண்டு. ஒரு நிறுவனம் கைவிட்டால் இன்னொன்று பெட்டிகளை வழங்க முடியும். மோனோ ரயிலின் ஒற்றைத் தூணும் அதன் மீது ஓடும் பெட்டியும் ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஏறக்குறைய தனித்தனி வடிவமைப்பு. ஸ்கோமி நிதி நெருக்கடியில் சிக்கியதும் உதிரி பாகங்களுக்கும் புதிய ரயில்களுக்கும் வழியில்லாமல் போனது. 2018 டிசம்பரில் மும்பை பெருநகர மண்டல மேம்பாட்டு ஆணையம் ஒப்பந்தத்தை ரத்து செய்து, இயக்கத்தைத் தானே ஏற்றது. 10 புதிய ரயில்கள் வாங்க விடப்பட்ட டெண்டரில் இரு சீன நிறுவனங்கள் மட்டுமே பங்கேற்றன. எல்லைப் பதற்றம் நிலவிய 2020-இல் அந்த டெண்டரும் ரத்தானது.

2025 ஆகஸ்ட் 19-ஆம் தேதி கனமழையால் புறநகர் ரயில்கள் முடங்கியபோது, மக்கள் மோனோ ரயிலில் குவிந்தனர். 104 டன் தாங்கக்கூடிய ரயிலில் எடை 109 டன்னைத் தொட்டது. மின் இணைப்பு அறுந்து ரயில் நடுவழியில் நின்றது. தீயணைப்புப் படையினர் ஏணிகளின் உதவியுடன் 582 பேரை மீட்டனர். அடுத்த மாதம் 20-ஆம் தேதி முதல், புதிய ரயில்களும் சிக்னல் அமைப்பும் பொருத்துவதற்காகச் சேவை நிறுத்தப்பட்டது.

ரயில் நின்றதற்கான காரணத்தை விசாரிக்க அதிகாரிகள் நியமிக்கப்பட்டனர். மும்பைக்கு மோனோ ரயில்தான் பொருத்தம் என்று 2008-இல் முடிவெடுத்தவர்களிடம் விளக்கம் கேட்க எந்த அமைப்பும் இல்லை. அந்த முடிவை எடுத்த ஆட்சியும் அதிகாரிகளும் மாறி வெகு காலம் ஆகிவிட்டது.

மோனோ ரயில் மோகம் மும்பையோடு நிற்கவில்லை. சென்னையில் 2011-க்குப் பிறகு அறிவிக்கப்பட்டு, டெண்டர்கள் பலமுறை மாறி, இறுதியில் கைவிடப்பட்டது. திருவனந்தபுரத்திலும் கோழிக்கோட்டிலும் 2012-இல் மோனோ ரயில் திட்டம் தொடங்கப்பட்டு, டெண்டரில் ஒரே ஒரு நிறுவனம் மட்டும் பங்கேற்றதால் 2014-இல் லைட் மெட்ரோவாக மாறியது. 2018-இல் டெல்லி மெட்ரோ நிறுவனம் அதிலிருந்து விலகியது. தொழில்நுட்பத்தின் பெயர் மாறிக்கொண்டே இருந்தது. அவ்விரு நகரங்களின் பயணிகள் பேருந்துக்காகவே காத்திருந்தனர்.

டெல்லி–மீரட்: தேர்வு சரி, தவணை யாருடையது?

எல்லாத் திட்டங்களும் தோல்விக் கதைகள் அல்ல. டெல்லி–காசியாபாத்–மீரட் இடையிலான 82 கிலோமீட்டர் பிராந்திய விரைவு ரயில் திட்டம் இதற்கு மாறான அனுபவம். தேசியத் தலைநகர் மண்டலப் போக்குவரத்துக் கழகம் இதைச் செயல்படுத்துகிறது. மத்திய அரசுக்கு 50 சதவீதப் பங்கும், டெல்லி, ஹரியானா, ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய நான்குக்கும் தலா 12.5 சதவீதப் பங்கும் உண்டு. திட்டச் செலவு 30,274 கோடி ரூபாய்.

இங்கேயும் ஸ்டாண்டர்டு கேஜ்தான் தேர்வு செய்யப்பட்டது. ஆனால், அந்தத் தேர்வுக்கு ஒரு தெளிவான பயன்பாட்டுக் காரணம் இருந்தது. மண்டலத்தின் நகரங்களைத் தலைநகருடன் தினசரிப் பயணிகளுக்காக இணைப்பதே நோக்கம். தொலைதூர ரயில்கள் அதில் ஓட வேண்டிய தேவை இல்லை. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் 'நமோ பாரத்' ரயிலும், மீரட் நகரத்துக்குள் ஓடும் மெட்ரோ ரயிலும் ஒரே தண்டவாளத்தைப் பகிர்ந்துகொள்ளும் வகையில் பாதை வடிவமைக்கப்பட்டது. மீரட்டுக்கெனத் தனி மெட்ரோ பாதை அமைக்கும் செலவு மிச்சமானது. சாகிபாபாத்–துஹாய் இடையிலான 17 கிலோமீட்டர் முதல் பகுதி 2023 அக்டோபர் 20-ஆம் தேதி திறக்கப்பட்டது. 2025 ஜனவரியில் ரயில் டெல்லியின் நியூ அசோக் நகரை எட்டியது.

இத்திட்டத்தில் தடுமாறியது தொழில்நுட்பம் அல்ல, நிதிப் பங்களிப்பு. தன் பங்கைச் செலுத்த நிதி இல்லை என டெல்லி அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. மூன்று ஆண்டுகளில் விளம்பரத்துக்கு எவ்வளவு செலவிட்டீர்கள் என நீதிபதிகள் கேட்டனர். 1,073 கோடி ரூபாய் என்று பதில் வந்தது. நிலுவையில் உள்ள 415 கோடி ரூபாயை இரண்டு மாதங்களுக்குள் செலுத்துமாறு 2023 ஜூலையில் நீதிமன்றம் உத்தரவிட்டது. அது நிறைவேறாத நிலையில், நவம்பர் மாதத்தில் விளம்பரத்துக்கான ஒதுக்கீட்டையே திட்டத்துக்குத் திருப்பிவிடப் போவதாக எச்சரித்தது.

ஒரு மாநில அரசின் முன்னுரிமைகள் எவை என்பதை அம்மாநிலத்தின் சட்டப்பேரவை நிதிநிலை அறிக்கையின்போதே கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்வியை நீதிமன்றம் கேட்க நேர்ந்தது, பொறுப்புக்கூறலின் வெற்றி எனச் சிலர் கொண்டாடினர். பல அரசுகள் கூட்டாகச் சேரும் திட்டங்களில் தவணை தவறினால் கேட்பதற்கு நீதிமன்றத்தைத் தவிர வேறு அமைப்பு இல்லை என்பதையும் அந்த வழக்கு வெளிப்படுத்தியது.

டெல்லி–மீரட் மாதிரியைக் கேரளத்துக்குக் கொண்டுவரலாம் என்ற யோசனையும் பின்னர் முன்வைக்கப்பட்டது. அதற்கு முன், சில்வர்லைனுக்குப் பதிலாகப் பெரும்பகுதி தூண்கள் மீதும் சுரங்கத்திலும் செல்லும் மாற்றுத் திட்டம் ஒன்றை ஸ்ரீதரன் 2023-இல் முன்வைத்தார். பெயர் எதுவாயினும், டெல்லி–மீரட் தொலைவைப் போல ஆறு மடங்குக்கும் அதிகமான நீளத்தில், மக்கள் அடர்த்தியாக வாழும் நிலப்பரப்பில் அதே தொழில்நுட்பம் அதே பலனைத் தருமா என்பது தனியாக ஆராயப்பட வேண்டிய ஒன்று. ஓரிடத்தில் வென்ற ரயிலைப் பெயரோடு சேர்த்து இன்னோர் இடத்துக்கு எடுத்துச் செல்ல முடியாது.

கடன் தேர்வு செய்யும் ரயில்

தொழில்நுட்பத்தைச் சில நேரங்களில் பொறியாளரோ அமைச்சரோ தேர்வு செய்வதில்லை. கடன் தேர்வு செய்கிறது. மும்பை–அகமதாபாத் இடையிலான 508 கிலோமீட்டர் புல்லட் ரயில் திட்டம் இதற்குத் தெளிவான உதாரணம். சுமார் 1.08 லட்சம் கோடி ரூபாய் மதிப்பிடப்பட்ட அத்திட்டச் செலவில் ஏறக்குறைய 80 சதவீதத்தை ஜப்பான் 0.1 சதவீத வட்டியில், 50 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்தும் கடனாக வழங்க முன்வந்தது. அதனுடன் ஷின்கான்சென் தொழில்நுட்பமும் சேர்ந்தே வந்தது.

குறைந்த வட்டி பெரும் சலுகைதான். ஆனால், கடன் கொடுத்த நாட்டின் ரயிலை வாங்கும்போது அதன் விலையைப் பேரம் பேசும் வலிமை குறைகிறது. 2024 அக்டோபரில் சென்னை பெரம்பூரில் உள்ள ஒருங்கிணைந்த ரயில் பெட்டித் தொழிற்சாலை, மணிக்கு 280 கிலோமீட்டர் வேகத்துக்கு வடிவமைக்கப்படும் இரு ரயில்களுக்கான ஒப்பந்தத்தைப் பொதுத்துறை நிறுவனமான பெமலுக்கு வழங்கியது. உள்நாட்டு மாற்று குறித்து அரசே யோசிக்கத் தொடங்கியதை அது காட்டியது.

சில்வர்லைன் திட்டத்திலும் செலவில் சுமார் பாதியை ஜப்பான் உள்ளிட்ட வெளிநாட்டு நிதி அமைப்புகளிடம் கடனாகப் பெறவே திட்டமிடப்பட்டது. ஸ்டாண்டர்டு கேஜ் தேர்வுக்கும் கடன் எதிர்பார்ப்புக்கும் தொடர்பு உண்டு என விமர்சகர்கள் குற்றம் சாட்டினர். மாநில அரசு அதை மறுத்தது. கடன் பேச்சுவார்த்தையின் விவரங்கள் பொதுவெளியில் இருந்திருந்தால், குற்றச்சாட்டும் மறுப்பும் தேவைப்பட்டிருக்காது.

விதிகள் இருக்கின்றன, ஆனால்

2017-இல் மத்திய அரசு வெளியிட்ட மெட்ரோ ரயில் கொள்கை, இத்தகைய சிக்கல்களை எதிர்பார்த்தே உருவாக்கப்பட்டது. மெட்ரோவுக்கு மாற்றாகப் பேருந்துத் தடம், லைட் ரயில் போன்ற வழிகளையும் ஒப்பிட்டு ஆராய வேண்டும். மூன்றாம் தரப்பு அமைப்பு திட்டத்தை மதிப்பிட வேண்டும். பொருளாதாரப் பலன் 14 சதவீதமாக இருக்க வேண்டும் என அது கூறுகிறது. நோக்கம் சரியானது. ஆனால், நகரங்களுக்கு இடையே ஓடும் சில்வர்லைன் போன்ற திட்டங்கள் இக்கொள்கையின் வரம்புக்குள் வருவதில்லை. மாற்று வழிகளின் ஒப்பீட்டைச் செய்யும் ஆலோசகரை நியமிப்பதும் திட்டத்தை விரும்பும் அமைப்பே. விடை தெரிந்த பிறகு எழுதப்படும் தேர்வுத்தாளாக அந்த ஒப்பீடு மாறிவிடும் அபாயம் இருக்கிறது.

அளவுகோலைப் பயன்படுத்தும் விதமும் சர்ச்சைக்குரியதாகியுள்ளது. 2025 நவம்பரில் கோயம்புத்தூர், மதுரை மெட்ரோ திட்டங்களை மத்திய அரசு திருப்பி அனுப்பியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 20 லட்சம் மக்கள்தொகை இல்லை என்பது கூறப்பட்ட காரணங்களில் ஒன்று. அதே கணக்கெடுப்பில் 20 லட்சத்தை எட்டாத ஆக்ராவுக்கு அனுமதி கிடைத்ததைத் தமிழகத் தரப்பு சுட்டிக்காட்டியது. அந்நகரங்களுக்கு மெட்ரோ பொருத்தமா, பேருந்துத் தடம் பொருத்தமா என்பது நியாயமாக விவாதிக்கப்பட வேண்டிய விஷயம். ஒரே அளவுகோல் இரு நகரங்களை இரு விதமாக அளந்தால், தொழில்நுட்ப முடிவுகூட அரசியல் முடிவாகவே பார்க்கப்படும்.

திட்டத்தைத் தொடங்குவதற்கு மட்டுமல்ல, கைவிடுவதற்கும் காரணம் சொல்லும் கடமை உண்டு. டெல்லியில் அம்பேத்கர் நகர்–மூல்சந்த் இடையே 5.8 கிலோமீட்டர் பிஆர்டி பேருந்துத் தடம் 2008-இல் தொடங்கியது. கார் ஓட்டுநர்கள் அதைக் கடுமையாக எதிர்த்தனர். அதை அகற்றக் கோரிய வழக்கை 2012-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆனாலும் 2015-இல் அதைக் கைவிட முடிவெடுக்கப்பட்டு, மறு ஆண்டு இடித்து அகற்றப்பட்டது. அத்தடத்தில் பயணித்தவர்களில் பெரும்பாலோர் பேருந்துப் பயணிகள். சாலையில் அவர்களின் எண்ணிக்கை அதிகம், குரல் குறைவு.

பொறுப்புக்கூறல் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

இந்த அனுபவங்களை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. கட்டுமானத்தில் முறைகேடு நடந்தால் தணிக்கை உண்டு. நிலம் எடுப்பதில் அநீதி நடந்தால் நீதிமன்றம் உண்டு. ரயில் பழுதானால் விசாரணைக் குழு உண்டு. தொழில்நுட்பம் தேர்வு செய்யப்படும் அந்த முதல் கட்டத்தில் மட்டும் கேள்வி கேட்க யாரும் இல்லை. மற்ற எல்லாச் சிக்கல்களும் அங்கிருந்தே கிளைக்கின்றன.

இதைச் சரிசெய்யப் புதிய சட்டங்கள் குவிய வேண்டியதில்லை. ஆரம்பக்கட்ட சாத்தியக்கூறு ஆய்வும் மாற்று வழிகளின் ஒப்பீடும் அமைச்சரவை ஒப்புதலுக்கு முன்பே மாநில மொழியில் வெளியிடப்பட வேண்டும். சில்வர்லைனில் அந்த ஒரு விதி இருந்திருந்தால், அகலப் பாதையா ஸ்டாண்டர்டு கேஜா என்ற விவாதம் தெருவில் அல்ல, சட்டப்பேரவையில் நடந்திருக்கும். பங்குதாரரான ரயில்வேயும் தன் நிலைப்பாட்டை எழுத்துப்பூர்வமாக அப்போதே தெரிவிக்க வேண்டிய கட்டாயம் இருந்திருக்கும்.

இரண்டாவது, பயணிகள் எண்ணிக்கை குறித்த கணிப்பு. சில்வர்லைனில் தினமும் சுமார் 80,000 பேர் பயணிப்பார்கள் எனத் திட்ட அறிக்கை கூறியது. கடன் திருப்பிச் செலுத்தும் கணக்கு முழுவதும் இதுபோன்ற எண்களின் மீதே நிற்கிறது. மும்பை மோனோ ரயிலின் கணிப்பு பொய்த்ததற்கு யாரும் விளக்கம் அளிக்கவில்லை. ஒவ்வொரு திட்டத்திலும் கணிப்பையும் உண்மை எண்ணிக்கையையும் ஆண்டுதோறும் அருகருகே வெளியிடும் நடைமுறை வந்தால், அடுத்த திட்டத்துக்கு எண் எழுதுபவரின் கை சற்று நிதானிக்கும்.

மூன்றாவது, ஒற்றை வழங்குநரைச் சார்ந்த தொழில்நுட்பங்களுக்கு முன்னெச்சரிக்கை தேவை. வழங்கும் நிறுவனம் நொடித்துப்போனால் உதிரி பாகம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு ஒப்பந்தத்திலேயே பதில் இருக்க வேண்டும். 20 கிலோமீட்டர் தூண்கள் எழுப்பப்பட்ட பிறகு அந்தக் கேள்வியைக் கேட்பதில் பயனில்லை.

நான்காவது, கடன் நிபந்தனைகள். கடன் எந்தத் தொழில்நுட்பத்தை, எந்த நாட்டின் கருவிகளைக் கட்டாயமாக்குகிறது என்பது கையெழுத்திடும் முன் பேரவையின் மேசைக்கு வர வேண்டும். அந்தத் தவணையை அடைக்கப்போவது அடுத்தடுத்து வரும் அரசுகள். அவற்றைத் தேர்ந்தெடுக்கப்போகும் வாக்காளர்களில் பலர் இன்னும் பிறக்கவேயில்லை.

இப்படிக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தால் எந்தத் திட்டமும் நடக்காது என்ற வாதம் அடிக்கடி எழுப்பப்படுகிறது. சில்வர்லைன் அனுபவம் அதற்கு நேர்மாறானதைச் சொல்கிறது. அங்கே கேள்விகள் தவிர்க்கப்பட்டன, அறிக்கை மறைக்கப்பட்டது, வேகம் காட்டப்பட்டது. அதன் பிறகும் ஒரு மீட்டர் தண்டவாளம்கூடப் பதிக்கப்படவில்லை.

கேரளத்தின் ரயில் நெரிசல் இன்றும் அப்படியேதான் இருக்கிறது. காலையில் திருவனந்தபுரத்துக்கும் எர்ணாகுளத்துக்கும் வேலைக்குச் செல்பவர்கள் படிக்கட்டில் தொங்கியபடி பயணிக்கின்றனர். வேகமான, நம்பகமான ரயில் அவர்களுக்குத் தேவை என்பதில் ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அடுத்து எந்தப் பெயரில் எந்தத் திட்டம் வந்தாலும், அதன் அறிக்கை முதலில் வர வேண்டும். கல் பிறகு வரட்டும்.